சர்வரும் போச்சு, பேக்கப்பும் போச்சு, இனிமே கேமரா போட்டா போதுமா?

கேள்வி: வணக்கம் சார். ஈரோட்டுல சின்னதா ஒரு ஆடிட்டர் ஆபீஸ் நடத்துறேன். நான், சி.ஏ படிச்சுக்கிட்டே பயிற்சி எடுக்கிற ரெண்டு ஆர்ட்டிகிள் பசங்க, ஒரு அக்கவுன்டன்ட் அக்கா, 3 வருஷமா இருக்கிற ஒரு ஆபீஸ் பையன், அவ்ளோதான். கடைங்க இருக்கிற காம்ப்ளெக்ஸ்ல ரெண்டாவது மாடி. தீபாவளி லீவு முடிஞ்சு வந்து கதவத் திறந்தா ஃபால்ஸ் சீலிங் ஷீட் ரெண்டு உடைஞ்சு தரையில கெடக்கு. பக்கத்துல ஆறு மாசமா காலியா இருக்கிற கடை வழியா ஏறி இறங்கியிருக்காங்க. சர்வர், அது மேலயே வச்சிருந்த பேக்கப் ஹார்ட் டிஸ்க், ரெண்டு லேப்டாப், கேமரா ரெக்கார்டர், டிராயர்ல இருந்த 18,000 ரூபா எல்லாம் போச்சு. கிளையன்ட்ஸ் ஆன்லைன்ல கையெழுத்துப் போடுறதுக்கான, பென் டிரைவ் மாதிரி இருக்கிற டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கன் வச்சிருந்த டப்பாவக் கொட்டிட்டுப் போயிருக்காங்க, அதுல 3 டோக்கன் காணோம். எஃப்.ஐ.ஆர் போட்டாச்சு. ஆகஸ்ட் வரைக்கும் உள்ள டேட்டா மட்டும் ஒரு ஆர்ட்டிகிள் பையனோட பென் டிரைவ்ல இருந்து தப்பிச்சுது. இப்ப ஒருத்தர் 12 கேமரா, முகம் பாத்துத் திறக்குற கதவு, எல்லாம் சேத்து 3,85,000 ரூபாய்க்கு கொட்டேஷன் குடுத்திருக்கார், அதையும் ஆபீஸ் போட்டோவையும் சேத்து அனுப்பியிருக்கேன். என் வீட்டுக்காரர் எல்லாத்தையும் கிளவுட்ல போட்டுட்டா பூட்டே தேவையில்லங்கிறார். பில்டிங் ஓனர் ஆபீஸ் பையன் மேல சந்தேகமா இருக்குங்கிறார், ஒரு சாவி அவன்கிட்டதான் இருந்துச்சு. நான் எங்க இருந்து ஆரம்பிக்கிறது?

பதில்: கொட்டேஷன அப்பறம் பாக்கலாம் மேடம், மொதல்ல அந்த 3 டோக்கன். இதப் படிச்சு முடிக்கிறதுக்கு முன்னாடியே அந்த மூணு கிளையன்ட்டுக்கும் போன் பண்ணிருங்க. நான் போன ஆடிட்டர் ஆபீஸ் பாதிக்கு மேல ஒரே மாதிரிதான் பாத்திருக்கேன், ஒரு பழைய ஸ்வீட் பாக்ஸ், உள்ள 40, 50 டோக்கன், ஒவ்வொண்ணு மேலயும் வெள்ளை பேப்பர்ல கிளையன்ட் பேரு, அதுக்குக் கீழ பின் நம்பர், மேல செலோடேப். உங்க பின் எங்க இருந்துச்சுன்னு நீங்க எழுதல, ஆனா அந்த மாதிரி ஒட்டியிருந்தா அது தொலைஞ்சு போன பென் டிரைவ் இல்ல, கிளையன்ட்டோட கையெழுத்தே அடுத்தவன் கையில இருக்குன்னு அர்த்தம். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000ல 42வது பிரிவு என்ன சொல்லுதுன்னா டோக்கனுக்குள்ள இருக்கிற அந்த டிஜிட்டல் சாவிய அதுக்குச் சொந்தக்காரர்தான் தன் கட்டுப்பாட்டுல பத்திரமா வச்சுக்கணும், அது வெளிய போயிருச்சுன்னா தாமதம் பண்ணாம சர்ட்டிஃபிகேட் குடுத்த நிறுவனத்துக்குச் சொல்லணும். அதனால மூணு பேரும் சர்ட்டிஃபிகேட்ட ரிவோக், அதாவது ரத்து பண்ணச் சொல்லி இன்னிக்கே ரிக்வெஸ்ட் போடணும், நீங்க போட முடியாது, அவங்கதான் போடணும். மீதி டோக்கன் எல்லாத்துக்கும் பின் மாத்திருங்க, முடிஞ்ச வரைக்கும் டோக்கன அவங்கவங்ககிட்டயே திருப்பிக் குடுத்துருங்க, ஃபைல் பண்ற அன்னிக்கு கொண்டு வரட்டும். சிரமம்தான், தெரியும். ஆனா உங்க பொறுப்பு பாதியா குறையும்.

அதோட, போன சர்வர்ல இருந்தது ஊர்ல பாதி மில்லு, கடைக்காரங்களோட பான், ஆதார், பேங்க் ஸ்டேட்மென்ட். சைபர் பாதுகாப்பப் பாத்துக்கிற மத்திய அரசு அமைப்பு செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28ல போட்ட உத்தரவுல டேட்டா வெளிய போன மாதிரி சம்பவங்கள தெரிஞ்ச 6 மணி நேரத்துக்குள்ள அவங்களுக்குச் சொல்லணும்னு இருக்கு. நேரம் தாண்டிருச்சேன்னு விட்டுராதீங்க, இப்பயாவது மெயில் அனுப்புங்க, எஃப்.ஐ.ஆர் காப்பிய சேத்து அனுப்புங்க. 2023ல வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துல, பாதுகாப்பு ஏற்பாடு சரியா பண்ணாம டேட்டா போச்சுன்னா 250 கோடி வரைக்கும் அபராதம்னு எழுதியிருக்கு, அது பெரிய கம்பெனிகள மனசுல வச்சு எழுதின உச்ச வரம்புதான், ஆனா சின்ன ஆபீஸுக்குச் சட்டம் கெடையாதுன்னு அங்க எங்கயும் இல்ல. கிளையன்ட்ஸுக்கு நீங்களே நேரா சொல்லிருங்க. வேற யார் மூலமாவோ தெரிஞ்சா மனசு விட்டுப் போயிடும்.

இப்ப கொட்டேஷன். நீங்க அனுப்பின லிஸ்ட ரெண்டு தடவை படிச்சேன். 12 கேமரா, ரெக்கார்டர், முகம் பாக்குற மெஷின், மேக்னட் பூட்டு, கேபிள், வேலைக்கூலி. அதுல அந்தச் சுவரப் பத்தி ஒரு வரி கூட இல்ல. திருடன் வந்தது கதவு வழியா இல்ல, சுவருக்கு மேல. நாளைக்கே 3,85,000 செலவு பண்ணி இதெல்லாம் மாட்டினாலும் அடுத்த லீவுல அதே ஆள் அதே வழியில வருவான், இந்தத் தடவை 12 கோணத்துல வருவான், போகும்போது ரெக்கார்டரையும் தூக்கிட்டுப் போவான், ஏன்னா அது மறுபடியும் சர்வர் பக்கத்துலதான் வரப்போகுதுன்னு அவங்க போட்ட படத்துலயே தெரியுது.

பல வருஷம் முன்னாடி ஒரு ஃபைனான்ஸ் ஆபீஸ்ல பாதுகாப்பு எப்பிடி இருக்குன்னு செக் பண்ணக் கூப்பிட்டாங்க. வாசல்ல இரும்பு கேட், அதுக்குப் பின்னாடி ஷட்டர், அதுக்குள்ள கைரேகை மெஷின். மேனேஜர் ரொம்பப் பெருமையா காட்டினார். நான் ரெக்கார்ட் ரூம்ல ஒரு நாற்காலிய இழுத்துப் போட்டு ஏறி நின்னு, கையில இருந்த குடையால சீலிங் ஷீட்டத் தள்ளினேன், அது தூசியோட லேசா எழும்பிருச்சு. தலைய உள்ள விட்டுப் பாத்தா பக்கத்து டெய்லர் கடையோட டியூப் லைட் வெளிச்சம், தையல் மெஷின் ஓடுற சத்தம் கூட தெளிவா கேட்டுச்சு. ரெண்டு கடைக்கும் நடுவுல இருந்த பார்ட்டிஷன் சீலிங் உயரத்தோட நின்னு போச்சு, அதுக்கு மேல கான்கிரீட் தளம் வரைக்கும் மூணு அடி வெறும் காத்து. கட்டும்போது ஏ.சி டக்டுக்கும் வயருக்கும் வசதின்னு அப்பிடியே விட்டுட்டுப் போயிடுறாங்க, அப்பறம் யாரும் மேல பாக்குறதே இல்ல.

உங்க ஆபீஸும் அதேதான். முதல் செலவு அங்க பண்ணுங்க. நாலு பக்கமும் சுவர் தளம் வரைக்கும் போகணும், ஹாலோ பிளாக்கோ செங்கல்லோ வச்சு ஏத்திக் கட்டினா நல்லது, பாரம் தாங்காதுன்னு ஓனர் சொன்னா ரெண்டு பக்கமும் வெல்டு மெஷ் கம்பி வலைய தளத்துல ஆங்கிள் போட்டு போல்ட் பண்ணி மூடலாம். ஏ.சி பைப் போற ஓட்டைய சிமென்ட் வச்சு அடைங்க, அதுல எலியும் வரும், எலி கடிச்சு நெட்வொர்க் கேபிள் போன ஆபீஸ் நான் நிறையப் பாத்திருக்கேன். டாய்லெட் வென்டிலேட்டர்ல கண்ணாடிப் பட்டை மட்டும் இருந்தா அத கையால உருவி எடுத்துரலாம், உள்பக்கமா ஒரு கிரில் போடுங்க. மாடிப்படிக் கதவு, மொட்டைமாடிக் கதவு ராத்திரி பூட்டுறாங்களான்னு ஒரு நாள் பத்து மணிக்குப் போய் நீங்களே பாருங்க.

கதவுல ரெண்டு விஷயம் மட்டும் பாத்தாப் போதும். கீல் வெளிப்பக்கம் இருந்தா அந்த ஆணிய தட்டி எடுத்துட்டு பூட்டத் தொடாமலே கதவக் கழட்டிரலாம், அதனால கீல் உள்பக்கம் வர்ற மாதிரி மாத்துங்க. அப்பறம் கொண்டிய மரத்துல முறுக்கியிருக்கிற ஸ்க்ரூவோட நீளம், எவ்ளோ பெரிய பூட்டு போட்டாலும் அரை இஞ்ச் ஸ்க்ரூன்னா கடப்பாரையால ஒரு நெம்பு நெம்பினா கொண்டியோட வந்துரும்.

இவ்ளோ பண்ணினாலும் நேரம் இருந்தா எந்தச் சுவரையும் உடைக்கலாம். தீபாவளி லீவுல அவனுக்கு எவ்ளோ நேரம் இருந்துச்சு, மூணு ராத்திரி. அதனால நான் எந்த இடத்துக்குப் போனாலும் முதல்ல கேக்குற கேள்வி இதுதான், உள்ள வர எத்தனை நிமிஷம் ஆகும், அதுக்குள்ள ஒரு மனுஷன் அங்க வந்து நிப்பானா? சுவரும் கதவும் அவன லேட் பண்றதுக்கு. அலாரம் அவன் வர்றத சொல்றதுக்கு. உங்க கொட்டேஷன்ல அலாரமே இல்ல, அதான் எனக்கு ரொம்ப வருத்தம். கதவுல ஒரு காந்த சென்சார், சர்வர் ரூம்லயும் ஹால்லயும் ஒரொரு மோஷன் சென்சார், ஒரு சைரன், சிம் கார்டு போட்டு மூணு நம்பருக்குக் கூப்பிடுற ஒரு பேனல், அதுக்கு பேட்டரி. 12 கேமராவுல பாதிய விட்டுட்டு இதப் போடுங்க. அந்த மூணு நம்பர் யாருன்னு யோசிச்சுப் போடுங்க, நீங்க ஊர்ல இல்லாதப்ப பத்து நிமிஷத்துல வரக்கூடியவங்களா இருக்கணும், காம்ப்ளெக்ஸ் வாட்ச்மேன் நம்பர் கண்டிப்பா இருக்கணும். வாட்ச்மேன ஏஜென்சி மூலமா வச்சிருந்தா அந்த ஏஜென்சிக்கு தனியார் செக்யூரிட்டி ஏஜென்சிகளுக்கான 2005 பிசாரா சட்டப்படி லைசென்ஸ் இருக்கான்னு, ஆளுக்கு போலீஸ் வெரிஃபிகேஷன் ஆச்சான்னு ஓனர்கிட்ட காப்பி கேளுங்க.

கேமரா வேண்டாம்னு சொல்லல, ஆறு போதும். வாசல் கேமராவ சீலிங் நடுவுல மாட்டினா தலைமுடிதான் தெரியும், முகம் தெரியாது, உள்ள நுழையும்போது எதிர்ல வர்ற மாதிரி கொஞ்சம் தாழ மாட்டச் சொல்லுங்க. ஒண்ணு வெளிய வராந்தாவுல, பக்கத்துக் கடை வாசலும் தெரியற மாதிரி. ரெக்கார்டர சர்வர் ரூம்ல வைக்காம வேற ஒரு இடத்துல, சுவத்துல போல்ட் பண்ணின இரும்புப் பெட்டிக்குள்ள பூட்டி வைங்க, வாசல் கேமராவுக்குள்ள ஒரு மெமரி கார்டும் போட்டுட்டா பெட்டி போனாலும் முகம் மிஞ்சும். மாட்டின அன்னிக்கே பாஸ்வேர்ட் மாத்துங்க. 2016ல மிராய்னு ஒரு வைரஸ், கம்பெனியில இருந்து வந்த பாஸ்வேர்டோட அப்பிடியே கெடந்த லட்சக்கணக்கான கேமரா, ரெக்கார்டருக்குள்ள பூந்து அதுகள வச்சே பெரிய பெரிய வெப்சைட்ட எல்லாம் முடக்குச்சு. சர்வர் இருக்கிற அதே நெட்வொர்க்ல கேமராவ சேக்காதீங்க, தனி ஸ்விட்ச் போட்டுத் தரச் சொல்லுங்க.

முகம் பாக்குற கதவு... அஞ்சு பேர் ஆபீஸுக்கு இப்ப அவசரமில்லங்கிறதுதான் என் அபிப்ராயம். அதுல வர்ற மேக்னட் பூட்டு கரண்ட் இருக்கிற வரைக்கும்தான் பிடிச்சுக்கும், கரண்ட் போனா திறந்துக்கும். அது தப்பு இல்ல, தீ பிடிச்சா உள்ள இருக்கிறவங்க வெளிய வரணும்னுதான் அப்பிடி செஞ்சிருக்காங்க. ஆனா 2012 கரண்ட் கட் காலத்துல இந்தப் பக்கம் ஒரு நாளைக்கு எவ்ளோ மணி நேரம் கரண்ட் இல்லாம இருந்தோம்னு உங்களுக்கே தெரியும், அப்ப நான் பாத்துக்கிட்டிருந்த ஒரு இடத்துல ராத்திரி பேட்டரியும் தீந்து போய் சர்வர் ரூம் கதவு விடியற வரைக்கும் சும்மா திறந்து கெடந்துச்சு, காலைல கூட்ட வந்த அம்மாதான் பாத்துச் சொன்னாங்க. நான்தான் அந்தப் பூட்டுக்கு ஓகே சொன்னவன், பேட்டரி எவ்ளோ நேரம் தாங்கும்னு நான் கேட்டிருக்கணும். அதுல இருந்து மேக்னட் பூட்டு பகல் நேரத்துக்கு, ராத்திரிக்கு சாவி போட்ட பூட்டுன்னு ரெண்டையும் சேத்துதான் எழுதிக் குடுக்கிறேன். எலக்ட்ரானிக்க மட்டும் நம்பி நின்னா எதிர்ப்பக்கமும் கஷ்டம் வரும், நாமளே உள்ள போக முடியாம நிப்போம், 2021 அக்டோபர் 4ல ஃபேஸ்புக் நெட்வொர்க் மொத்தமா விழுந்தப்ப அவங்க இன்ஜினியர்களே டேட்டா சென்டருக்குள்ள போக நேரமாச்சு, ஆறு மணி நேரத்துக்கு மேல சர்வீஸ் இல்ல.

மெஷின விட முக்கியம் பழக்கம். ஒரு தடவை ஒரு கம்பெனியில அவங்க எம்.டி சம்மதத்தோட சோதனை பண்ணினோம், நான் 20 லிட்டர் தண்ணி கேன தோள்ல வச்சுக்கிட்டு கார்டு போட்டாத்தான் திறக்கும்னு இருந்த கதவு முன்னாடி நின்னேன். பத்து செகண்ட் ஆகல, ஒரு பொண்ணு தன் கார்டத் தேச்சு கதவப் பிடிச்சுக்கிட்டு “வாங்கண்ணா”ன்னு வழி விட்டுச்சு. நல்ல மனசு, பாரத்தோட நிக்கிறாரேன்னு பாத்தது. அது மேல கோபப்படவே கூடாது. அதுக்குத்தான் தண்ணி கேன், கூரியர், ஏ.சி மெக்கானிக் எல்லாரும் வாசல் பக்கமே வேலைய முடிச்சுட்டுப் போற மாதிரி இடத்த மாத்தணும். உங்க ஆபீஸ்ல தண்ணி கேன் ஸ்டாண்டு சர்வர் ரூம் கதவுக்குப் பக்கத்துல இருக்குன்னு போட்டோவுல பாத்தேன், அத இன்னிக்கே ரிசப்ஷனுக்கு நகத்திருங்க.

இப்ப சர்வர். புதுசு வாங்கினா ஒரு சின்ன ரேக் வாங்கி தரையில நாலு போல்ட் போட்டு முறுக்குங்க. விலை கம்மியான ரேக்குல வர்ற பூட்டு நெறைய ஒரே சாவியிலதான் திறக்கும், அத மாத்துங்க. அத விட முக்கியம், டிஸ்க்க என்கிரிப்ட் பண்றது, அதாவது கீ இல்லாம யாரும் படிக்க முடியாதபடி டேட்டாவையே பூட்டுறது. விண்டோஸ் பாஸ்வேர்ட் போட்டிருந்தோமேன்னு நீங்க நெனச்சுக்கிட்டிருக்கலாம், அந்த பாஸ்வேர்ட் டேட்டாவப் பூட்டல மேடம், ஸ்க்ரூ டிரைவரால டிஸ்க்கக் கழட்டி எந்தக் கம்ப்யூட்டர் கடையிலயும் கெடைக்கிற கேஸ்ல போட்டு வேற கம்ப்யூட்டர்ல சொருகினா எல்லா ஃபோல்டரும் அப்பிடியே திறக்கும். விண்டோஸ் ப்ரோவுல இதுக்கான பிட்லாக்கர் சும்மாவே வருது, சர்வர் எடிஷன்லயும் இருக்கு, சர்வர், லேப்டாப், பேக்கப் டிஸ்க் எல்லாத்துலயும் போடுங்க. ரிக்கவரி கீய பிரிண்ட் எடுத்து வீட்டு பீரோவுல வைங்க, அந்த கீ தொலைஞ்சா உங்களாலயும் திறக்க முடியாது. இது மட்டும் போட்டிருந்தா இன்னிக்கு நீங்க இழந்தது இரும்பு மட்டும்தான்.

பேக்கப் சர்வர் மேலயே இருந்துச்சுன்னு எழுதியிருந்தீங்க, நீங்க மட்டும் இல்ல, ரொம்பப் பெரிய இடத்துலயும் நடக்குது. 2021 மார்ச் 10ல பிரான்ஸ்ல ஸ்ட்ராஸ்பர்க் ஊர்ல ஓவிஹெச்ங்கிற கிளவுட் கம்பெனியோட டேட்டா சென்டர் ஒரு கட்டிடமே எரிஞ்சு போச்சு, அப்ப பேக்கப்பும் அதே வளாகத்துல வச்சிருந்தவங்க சிலருக்கு எதுவுமே திரும்பக் கெடைக்கல. 2025 செப்டம்பர்ல தென் கொரியாவுல டேஜான்ல அரசாங்கத்தோட டேட்டா சென்டர்லயே யுபிஎஸ்ஸோட லித்தியம் பேட்டரியில தீப்பிடிச்சு, அரசு ஊழியர்கள் ஃபைல் சேமிச்சு வச்ச 858 டெராபைட், வேற காப்பி இல்லாததால போச்சு. நீங்க ரெண்டு டிஸ்க் வாங்குங்க, ஒண்ணு ஆபீஸ், ஒண்ணு வீடு, ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மாத்துங்க, அது போக கிளவுட்ல ஒரு காப்பி. மாசம் ஒரு தடவை ஏதாவது ஒரு கிளையன்ட்டோட டேலி டேட்டாவ பேக்கப்ல இருந்து எடுத்துத் திறந்து பாருங்க. திறந்து பாக்காத பேக்கப்ப நம்பி நான் ரெண்டு பேர் அழுது பாத்துட்டேன்.

பேட்டரின்னதும் ஞாபகம் வருது, போட்டோவுல யுபிஎஸ் பேட்டரி மேல பழைய ஃபைல் கட்டு அடுக்கியிருக்கு, அத எடுத்துருங்க, அந்த ரூமுக்கு காத்து வேணும். பக்கத்துல சிஓ2 தீயணைப்பான் ஒண்ணு மாட்டுங்க, பவுடர் அடிச்சா தீ அணைஞ்சாலும் அந்தப் பவுடரே போர்டையெல்லாம் அரிச்சுரும். ஏ.சி தண்ணி சொட்டுற இடத்துக்கு நேர் கீழ ரேக் வராமப் பாத்துக்குங்க. பழைய கம்ப்யூட்டர காயலான் கடைக்குப் போடுறதுக்கு முன்னாடி டிஸ்க்க வெளிய எடுத்து, ஒண்ணு முழுசா அழிக்கணும், இல்ல டிரில் போட்டு உடைக்கணும்.

உங்க வீட்டுக்காரர் சொல்றது பாதி சரி. கிளவுடுக்குப் போனா சர்வர் திருட்டு பயம் போயிடும், அத நான் ஆதரிக்கிறேன். ஆனா அந்த கிளவுடத் திறக்கிற லேப்டாப் உங்க மேஜை மேல, பாஸ்வேர்ட் பிரவுசர்ல சேவ் ஆகி, டோக்கன் டிராயர்ல, கிளையன்ட்டோட ஒரிஜினல் பத்திரம் அலமாரியில இருக்கும். பூட்டு அப்பவும் வேணும்.

கடைசியா அந்தப் பையன். சாவி வச்சிருந்தவனுக்கு சீலிங் ஏறி இறங்க வேண்டிய அவசியம் இல்ல, அத வச்சு அவன் பண்ணவே இல்லன்னும் நான் சொல்ல மாட்டேன், அது போலீஸ் வேலை. ஆனா ஓனர்கிட்ட நீங்க ஒண்ணு கேக்கணும், அந்தக் காலி கடையோட சாவி ஆறு மாசமா யார் யார்கிட்ட இருந்துச்சு? புரோக்கர், பெயின்டர், கடை பாக்க வந்தவங்க, இவங்கள்ல யாரெல்லாம் உள்ள தனியா நின்னிருக்காங்க? அந்தக் கடைப் பூட்டு உடைஞ்சிருந்துச்சா, இல்ல சாவி போட்டுத் திறந்திருந்துச்சா? அந்தப் பதில போலீஸ்கிட்ட எழுதிக் குடுங்க, சர்வர், லேப்டாப்போட சீரியல் நம்பர் பில்லுல இருக்கும், அதையும் சேத்து. பையனக் கூப்பிட்டு நீங்களே உக்கார வச்சு சொல்லுங்க, பூட்ட மாத்துறோம், உன் மேல பழி போட இல்ல, இனிமே யார் மேலயும் பழி வராம இருக்கத்தான்னு. புது பூட்டுக்கு மூணே சாவி, ஒரு நோட்டு போட்டு யாருகிட்ட எந்தச் சாவி எந்தத் தேதியில போச்சுன்னு எழுதி கையெழுத்து வாங்குங்க, அதுல முதல் கையெழுத்து உங்களோடதா இருக்கட்டும். சுவர் வேலை ஆரம்பிக்கும்போது சீலிங்கத் திறந்து உள்பக்கம் நாலு போட்டோ எடுத்து அனுப்புங்க, எங்க வலை போடணும்னு நான் குறிச்சு அனுப்புறேன்.